டிகிரி கையில், பணம் எங்கே?



சேத்தியாத்தோப்பில் நடக்கும் இந்தச் சந்திப்பில் இன்ஜினியருக்குக் கோர்ட்டு விஷயம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நம்மில் பலர் விருத்தாசலம் பக்கம் செராமிக் பட்டறை வைத்திருக்கிறோம். பலருடைய தம்பி, பிள்ளை துபாயில் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் இது வேண்டியது.

என் நண்பர் ஒருவர் வெளிமாநில வியாபாரிக்குக் கடனுக்குச் சரக்கு அனுப்பினார். பணம் வரவில்லை. பில்லில் "வழக்கு எல்லை விருத்தாசலம்" என்று அச்சடித்திருந்ததால் இங்கேயே வழக்குப் போட்டு ஜெயித்தார். ஆனால் பிரதிவாதிக்கு இந்தப் பக்கம் ஒரு செங்கல் கூடக் கிடையாது! எதை ஜப்தி செய்வது?

நெய்வேலி மின்சாரம் நேராக நம் வீட்டு விளக்குக்கு வருவதில்லை; நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். டிகிரியும் அப்படித்தான். சிவில் நடைமுறைச் சட்டம் 39-வது பிரிவின்படி, தீர்ப்புச் சொன்ன கோர்ட்டு அதைச் சொத்து இருக்கும் ஊர்க் கோர்ட்டுக்கு மாற்றி அனுப்ப வேண்டும். டிகிரி நகல், பணம் இன்னும் வசூலாகவில்லை என்ற சான்று இரண்டும் கூடப் போகும். அந்தக் கோர்ட்டு, தானே சொன்ன தீர்ப்பு போல அதை நிறைவேற்றும். பணத்துக்கான டிகிரிக்குக் கெடு 12 வருடம்.

இந்த வசதியைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. பக்கத்துப் பாண்டிச்சேரி 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. கடலூர்க் கோர்ட்டுக்கு அது அயல்நாட்டுக் கோர்ட்டு. குவாலியர் சமஸ்தானக் கோர்ட்டு 1948-ல் கொடுத்த ஒரு டிகிரியை அலகாபாத்தில் நிறைவேற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1962-ல் சொல்லிவிட்டது. காரணம், பிரதிவாதிகள் குவாலியரில் குடியிருந்தவர்களும் இல்லை, அந்தக் கோர்ட்டில் ஆஜரானவர்களும் இல்லை.

இனி கடல் தாண்டுவோம். இங்கிலாந்து, சிங்கப்பூர், மலேசியா போன்ற சில நாடுகளை இந்தியா பரஸ்பர நாடுகளாக அறிவித்திருக்கிறது. அந்நாட்டு மேல் கோர்ட்டுகளின் பண டிகிரியை, 44-ஏ பிரிவின்படி நேராக நம் மாவட்டக் கோர்ட்டிலேயே நிறைவேற்றக் கேட்கலாம். 2020 ஜனவரியில் ஐக்கிய அரபு அமீரகமும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. அமெரிக்கா அதில் இல்லை. அமெரிக்கத் தீர்ப்பை வைத்து இங்கே புதிதாக வழக்குப் போட வேண்டும். அதுவும் 3 வருடத்துக்குள்.

ஆக, துபாயில் பேங்க் கடனை விட்டுவிட்டு விமானம் ஏறினால் தீர்ந்தது என்று இருந்த காலம் போய்விட்டது. அங்கே வாங்கிய டிகிரி கடலூர் வரை வரும். அதற்காக வீட்டுப் பெரியவர்கள் பயந்து நடுங்கவும் வேண்டாம். அப்பா சுயமாகச் சம்பாதித்த நிலத்தை, அவர் ஜாமீன் நிற்காத மகன் கடனுக்கு ஜப்தி செய்ய முடியாது. மோசடியால் வாங்கிய தீர்ப்பு, நம் பக்க நியாயத்தைச் சொல்ல வாய்ப்பே தராத தீர்ப்பு ஆகியவை 13-வது பிரிவின்படி இங்கே செல்லாது. ஆனால் வெளிநாட்டுச் சம்மன் வந்தால் பரணில் போடாதீர்கள். ஆஜராவதா வேண்டாமா என்பதே பெரிய முடிவு. உடனே வக்கீலைப் பாருங்கள்.

நாடு முழுவதும் 8 லட்சத்து 82 ஆயிரத்துக்கு மேல் நிறைவேற்று மனுக்கள் தேங்கிக் கிடப்பதாக 2025-ல் உச்ச நீதிமன்றமே வருத்தப்பட்டது. 6 மாதத்தில் முடிக்க வேண்டும் என்று 2021-லேயே சொன்னதும் அதே நீதிமன்றம்தான்.

பட்டறை நண்பர்களே, கடனுக்குச் சரக்கு ஏற்றும் முன்னே கேளுங்கள்: வாங்குபவருக்குச் சொத்து எந்த ஊரில்? பேங்க் கணக்கு எங்கே? வெளிநாட்டு ஆர்டர் என்றால் முன்பணமோ, பேங்க் மூலம் எல்.சி.யோ வாங்கிவிடுங்கள். சூளையில் வெந்து உழைத்தவர்களுக்குச் சனிக்கிழமை கூலி கொடுக்கப் பணம்தான் வேண்டும். டிகிரி நகலைக் கொடுக்க முடியாது.