இடைவெளி தின்ற கோப்புகள்



2001 நவம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஐட்யூன்ஸ் 2.0 என்ற பாட்டு மென்பொருளை வெளியிட்டது. மேக் ஓஎஸ் டென் கணினிகளில் அதை நிறுவிய சிலருடைய வன்தட்டுகள் துடைத்துப் போட்டதுபோல் காலியாயின. நிறுவனம் அவசர அவசரமாக அதைத் திரும்பப் பெற்று 2.0.1 பதிப்பைக் கொடுத்தது. இது வைரஸ் செய்த வேலையல்ல. வட்டுக்கு வைத்த பெயரில் ஓர் இடைவெளி இருந்தது, அவ்வளவுதான்.

மென்பொருளை நிறுவ, கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்று ஓடியது. பழைய ஐட்யூன்ஸை அழித்துவிடு என்பது அதில் ஒரு வரி. எந்த வட்டில் என்பதை ஒரு மாறி சொல்லும். அந்த மாறியைச் சுற்றி மேற்கோள் குறி போடவில்லை.

மேற்கோள் குறி இல்லாவிட்டால், மாறிக்குள் இடைவெளி வரும் இடமெல்லாம் ஷெல் வெட்டிவிடும். பொட்டுக் கடலை வாங்கிவரச் சொன்னால் பொட்டு தனி, கடலை தனி என்று வாங்கிவரும் பிள்ளையைப்போல! வட்டின் பெயர் ‘வேலை பழையது’ என்றால், ‘வேலை’ என்பதோடு ஒரு பெயர் முடிந்துவிடும். அந்தப் பெயரில் இன்னொரு வட்டு இருந்தால், அது மொத்தமும் போய்விடும்.

யூனிக்ஸ் கோப்புப் பெயரில் சாய்கோடும், ‘நல்’ எனப்படும் சுழி எழுத்தும் மட்டுமே வரக்கூடாது; இடைவெளிக்குத் தடையே இல்லை. ஷெல்லுக்கோ இடைவெளிதான் சொற்களின் எல்லை. சிக்கல் இங்கேதான். வாட்ஸ்அப்பிலிருந்து கணினியில் இறக்கும் படத்தின் பெயரைப் பாருங்கள், எத்தனை இடைவெளிகள்!

ஸ்கிரிப்ட் எழுதும் நேயர்களுக்குச் சில வார்த்தைகள். மாறியை எங்கே பயன்படுத்தினாலும் இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள். ஒற்றை மேற்கோள் உதவாது. மாறியின் மதிப்பு வராமல் அதன் பெயரே அப்படியே நின்றுவிடும். எல்லாக் கோப்புகளையும் சுற்றிவர, எல்எஸ் கட்டளையின் வெளியீட்டை நம்பாமல் நட்சத்திரக் குறியை நேரடியாகக் கொடுங்கள். ஃபைண்ட் தரும் பட்டியலை எக்ஸ்ஆர்க்ஸுக்கு அனுப்பும்போது, பெயர்களைச் சுழி எழுத்தால் பிரிக்கும் வசதி இரண்டிலும் உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். மேற்கோள் விடுபட்ட இடங்களை ஷெல்செக் என்ற இலவசக் கருவி சுட்டிக்காட்டும்.

அழிக்கும் வரிக்கு முன்னால் முதலில் எக்கோ என்று சேர்த்து ஓட்டி, என்னென்ன அழியப்போகிறது என்று பாருங்கள்; ஆனால் பெயர் இடைவெளியில் வெட்டுப்படுவது இதில் தெரியாது. அதற்கு, இடைவெளியுள்ள பெயரில் ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கிச் சோதியுங்கள். அதில் தேறாத ஸ்கிரிப்டை அடுத்தவர் கணினியில் ஓட்டாதீர்கள்.