கூரையில் தொடங்கும் சிக்கனம்

(முகத்துவாரக்குப்பத்தில் வீடு கட்ட முனைந்துள்ள குடும்பங்களிடையே நிகழ்த்திய சொற்பொழிவு)



கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் இம்மணல்மேட்டில் உங்கள் முன்னோர் கீற்றும் ஓலையும் வேய்ந்த குடிசைகளில் வாழ்ந்தனர். அவை குளிர்ச்சியாக இருந்தன. ஆனால் தீக்கும் புயலுக்கும் இரையாயின. பின்னர் கல்நார்த் தகடு வந்தது. அது தீப்பற்றாது, எனினும் சித்திரை வெயிலில் அதன் கீழே பகற்பொழுதைக் கழிப்பது எத்தகையது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இப்பொழுது எல்லோரும் காங்கிரீட்டுத் தளம் வேண்டுகிறீர்கள். நியாயமான விருப்பமே. ஆனால் சிறு வீட்டில் வெப்பம் மிகுதியாக நுழைவதும், பின்னாளில் பணம் வீணாவதும் அத்தளத்தின் வழியேதான். ஆகவே கூரையைப் பற்றியே அதிகம் பேச எண்ணுகிறேன்.

2024-இல் தொடங்கிய கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டிற்கு 3.5 லட்சம் ரூபாய் என்று வகுத்தார்கள். அது ஊராட்சிகளுக்கு உரியது. கத்திவாக்கம் 2011-இல் மாநகராட்சியோடு இணைந்துவிட்டமையால் உங்களுக்கு அது எட்டாது. ஆயினும் அந்த அளவு நமக்குப் பொருத்தமானதே. அதற்கு மேல் அகலப்படுத்திக் கடன்படுவதைவிட, அந்த அளவைச் செம்மையாகக் கட்டுவது நன்று.

நம் பழைய சென்னை வீடுகளின் மச்சில் வெயில் ஏன் இறங்குவதில்லை? தேக்குச் சட்டங்களின்மேல் செங்கல்லைக் குத்துவாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கட்டையால் தட்டி இறுக்கி, தட்டோடு பதித்தார்கள். தேக்குக்கு இன்று நாம் எங்கே போவது? ஆனால் மேலே இடும் அந்தச் சுருக்கித் தளத்தைக் காங்கிரீட்டின்மேலும் இடலாம். வெப்பமும் மழைநீரும் ஒருங்கே தடுக்கப்படும். பலர் செலவுக்கு அஞ்சி இதை விட்டுவிட்டு, முன்சுவருக்குப் பளபளப்பான ஓடு ஒட்டுகிறார்கள். இது எனக்கு விளங்காத சிக்கனம்! சுருக்கிக்கு இப்போது வழியில்லாதவர்கள் ஆண்டுதோறும் மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பேனும் அடித்தல் வேண்டும். வெண்மை வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும்.

வெப்பம் குறைந்தால் மின்சாரமும் குறையும். பழைய வகை விசிறி ஏறக்குறைய 75 வாட் எடுக்கும். இரண்டு விசிறிகள் நாளொன்றுக்கு 12 மணி நேரம் சுழன்றால் இரண்டு மாதத்தில் 108 யூனிட் ஆகிறது. வீடுகளுக்கு 2016-இல் கட்டணமின்றி அளிக்கப்பட்ட 100 யூனிட்டை விசிறிகளே தின்றுவிடும்! பி.எல்.டி.சி. என்னும் புதுவகை விசிறிகள் 30 வாட் அளவில் இயங்குகின்றன. அதே வேலைக்கு 43 யூனிட் போதும்.

சுவருக்கு வருவோம். அனல் மின் நிலையச் சாம்பல் குழாய் கசிந்து கழிமுகத்தில் படிந்து, உங்கள் மீனையும் இறாலையும் கெடுத்ததை நீங்கள் மறக்கவில்லை. அதே மின் நிலையங்களில், நீரில் கரைத்து விடுமுன் உலர்ந்த நிலையில் பிடிக்கும் சாம்பல் நல்ல செங்கல்லாகிறது. அதற்குச் சூளை தேவையில்லை. இக்கல்லைப் படுக்கையாக வைக்காமல் குத்துவாக வைத்து, நடுவே இடைவெளி விட்டுக் கட்டும் முறையைக் கேரளத்தில் லாரி பேக்கர் பரப்பினார். எலிப்பொறிக் கட்டு என்பார்கள். ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு கல் மிச்சமாகும். நடுவிலுள்ள காற்று வெப்பத்தை மட்டுப்படுத்தும். அவரே காங்கிரீட்டின் அடிப்பகுதியில் பழைய ஓடுகளைப் பதித்துச் சிமெண்டைக் குறைத்தார். அதை இந்த உப்புக் காற்றில் செய்ய நான் துணியமாட்டேன்.

கிழக்கே கடற்காற்றுக்கு ஒரு ஜன்னலும், அது வெளியேற எதிர்ச்சுவரில் ஒன்றும் வையுங்கள். மேற்கு வெயிலுக்குத் தாழ்வாரம் இருக்கட்டும். தரைமட்டத்தை, 2023 டிசம்பரில் எண்ணெய் கலந்த வெள்ளம் சுவரில் விட்டுச்சென்ற கறைக்கு மேலே உயர்த்துங்கள்.

இனிக் கம்பி. கடைசியில் சொல்வதால் இதைச் சிறியதென்று கருத வேண்டாம். கடலோரத்தில் உப்பு காங்கிரீட்டினுள் மெல்ல ஊடுருவிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துருவேறிய கம்பி பருத்துக் காரையைப் பிளந்து தள்ளுகிறது. தூங்கும் குழந்தையின் மேல் தளம் பெயர்ந்து விழுவது இவ்வாறுதான்; கடன் தீருமுன்பே வீடு தீர்ந்துவிடுகிறது. கடற்கரை மணலும் உவர்நீரும் கலவைக்கு ஆகவே ஆகா. கடலோரக் காற்றுப்படும் காங்கிரீட்டில் கம்பியை மூடி 45 மில்லிமீட்டர் காரை இருக்கவேண்டும் என்பது இந்தியத் தரவிதி. நடைமுறையிலோ பல இடங்களில் இதில் பாதியும் இருப்பதில்லை. மறைப்பைக் கூட்டினால் தளத்தின் கனத்தையும் கூட்ட வேண்டியிருக்கும். அதைப் பொறியாளர் கணக்கிட்டுத் தரவேண்டும், மேஸ்திரியின் கண்ணளவு போதாது.

கம்பி கட்டி முடிந்த அன்று மாலை, வீட்டுக்கு உரிய பெண்களே ஓர் அளவுகோலுடன் ஏறிப் பாருங்கள். பலகைக்கும் கம்பிக்கும் இடையே வைத்த சிமெண்டு வில்லைகளை அளந்து பாருங்கள். குறைவாயிருந்தால், மறுநாள் கலவை எந்திரம் வரவேண்டாமென்று சொல்லிவிடுங்கள். ஒரு நாள் வாடகை போனால் போகட்டும்.