கூப்பிட்டு வந்த பகை



நாடு பெரிதும் அழிவது வெளிப்பகையாலா, உட்பகையாலா? எனக்கு முன்னால பேசின தம்பி, கொல்லிமலையைக் கை காட்டி, "வல்வில் ஓரியைக் கொன்ற காரி வெளியாள்தானே?"ன்னு கேட்டாரு. சரி தம்பி, அந்தக் காரி மலையைத் தானே வச்சுக்கிட்டானா? சேரனுக்குக் கொடுத்துட்டான். மோதினது ரெண்டு வள்ளல், மலை மூணாமவனுக்கு! (கைதட்டல்)

இதைவிடப் பெரிய கூத்து மதுரையில நடந்தது. 1166 வாக்கில், பராக்கிரம பாண்டியன் இருந்த மதுரையைக் குலசேகர பாண்டியன் முற்றுகையிட்டான். ரெண்டு பேரும் ஒரே பாண்டிய குலம். பங்காளிச் சண்டை! நம்ம பக்கம் வரப்பை வெட்டுவாங்க. அங்கே தலையை வெட்டினாங்க. பராக்கிரமன், இலங்கை மன்னன் பராக்கிரமபாகுவிடம் உதவி கேட்டான். படை வருமுன்னே மதுரை விழுந்தது. அவனும் மனைவியும் பிள்ளைகள் சிலரும் கொல்லப்பட்டார்கள்.

கூப்பிட்டவன் செத்துட்டான். வந்த படை திரும்பிப் போச்சா? ராமேசுவரத்தைப் பிடித்து, மதுரை வரை வந்து, செத்தவன் மகன் வீரபாண்டியனை அரியணையில் ஏற்றியது. குலசேகரன் சும்மா இருப்பானா? சோழன் இரண்டாம் ராஜாதிராஜனிடம் ஓடினான். இலங்கையின் சூளவம்சம் தங்கள் வெற்றியோடு கதையை முடிச்சிடும். மிச்சத்தைப் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு சொல்லுது: இலங்கைத் தளபதிகளின் தலைகளை மதுரை வாசலில் அறைந்தார்களாம்!

ஜனங்க பாடு? காஞ்சிபுரம் பக்கம் ஆர்ப்பாக்கத்தில் ஒரு கல்வெட்டு. எங்கோ தெற்கே நடக்கிற சண்டைக்குப் பயந்து, எதிரிலிசோழச் சம்புவராயன் ஒரு சிவாச்சாரியாரிடம் போய் நின்றான். அவர் 28 நாள் பூசை செய்தார். மதுரை எங்கே, காஞ்சி எங்கே!

வேடிக்கை இனிமேதான். சோழன் தயவில் மதுரைக்கு வந்த குலசேகரன், இலங்கையோடு கை கோத்தான். உடனே சோழன், யாரை விரட்டினானோ அதே வீரபாண்டியனைக் கூட்டி வந்து உட்கார வைத்தான். அவனும் இலங்கைப் பக்கம் சாய்ந்தான்! அப்புறம் வந்த மூன்றாம் குலோத்துங்கன், குலசேகரன் வாரிசான விக்கிரம பாண்டியனை அமர்த்தினான். நாற்காலி விளையாட்டுல கூட இவ்வளவு வேகமா ஆள் மாறாது. (சிரிப்பு)

இத்தனை பேரை ஏற்றி இறக்கிய அந்தக் குலோத்துங்கன் கதை என்னாச்சு? 1216-இல் பட்டத்துக்கு வந்த மாறவர்மன் சுந்தர பாண்டியன் தஞ்சையையும் உறந்தையையும் கொளுத்தினான். சோழன் நாடிழந்து நின்றான்.

எதிரணி நண்பரே, இலங்கைப் படைக்கும் சோழப் படைக்கும் மதுரைக் கதவைத் திறந்துவிட்டது யாருன்னு மட்டும் வந்து சொல்லுங்க. நான் உட்கார்றேன்.