நூலுக்கு நாமளே வரி போட்டுட்டு எப்படிப் போட்டி போடறது?

(திருப்பூர் பொதுக்கூட்டத்தில் 2025 செப்டம்பர் இறுதியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆகஸ்ட் 7-ல் 25 சதவீதம். ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குகிறோம் என்று சொல்லி ஆகஸ்ட் 27-ல் இன்னொரு 25. ஆக, நம்ம சரக்குக்கு அமெரிக்கா போட்ட கூடுதல் வரி 50 சதவீதம். பங்களாதேஷுக்கும் வியட்நாமுக்கும் 20. பாகிஸ்தானுக்கு 19.

வரியை அங்க இறக்குமதி பண்றவர்தானே கட்டணும், நமக்கென்ன என்று சிலர் கேட்கிறார்கள். கட்டுறது அவர்தான். ஆனா கட்டுறதுக்கு முன்னாடி திருப்பூருக்கு போன் போட்டு விலையைக் குறைன்னு சொல்வாரு. ஒரு டி-சர்ட் 4 டாலர்னு வைங்க. நமக்குக் கூடுதல் வரி 2 டாலர், பங்களாதேஷ்காரருக்கு 80 சென்ட். சில சென்ட்டுக்கு ஆர்டர் கைமாறுற தொழில்ல 1 டாலர் 20 சென்ட்டை எங்கிருந்து குறைக்கிறது?

ஆர்டர் நின்னா முதல்ல அடி வாங்குறது பெரிய கம்பெனி இல்லை. பத்து மெஷின் போட்டு ஜாப் வொர்க் பண்றவர், பிரிண்டிங், காஜா பட்டன் எடுத்துச் செய்யறவர். அப்புறம் பீஸ் ரேட் டெய்லர், கைமடி, பிசிர் வெட்டுற அம்மா. ஒன்றரை ஷிப்ட் ஒண்ணாகும், சனிக்கிழமை சம்பளம் பாதியாகும். கேட்டா "சொல்லி அனுப்பறோம்"பாங்க. வேலையை விட்டு நிறுத்தினதுக்குக் கடிதாசி கிடையாது. அதனால எந்தக் கணக்கிலயும் வராது.

அமெரிக்கா போட்ட வரியை நாம எடுக்க முடியாது, சரி. டெல்லி போட்டதை டெல்லி எடுக்கலாமே? 2021 பட்ஜெட்டில் இறக்குமதிப் பஞ்சுக்கு வரி போட்டாங்க, 11 சதவீதம். வெளிநாட்டுச் சட்டையைத் தடுக்க வரி போட்டா அது வேலி. நம்ம மில்லுக்கு வர்ற பஞ்சுக்கு வரி போட்டா? பஞ்சு விலை நூலில் ஏறும், நூல் விலை துணியில் ஏறும், கடைசியில் பையர் முன்னாடி நம்ம விலைதான் அதிகமா நிக்கும்.

இப்போ ஆகஸ்ட் 19-ல் அந்த வரியை நீக்கினாங்க. முதல்ல செப்டம்பர் 30 வரைக்கும், அப்புறம் டிசம்பர் 31 வரைக்கும். 2022-லயும் இப்படித்தான் சில மாசம் எடுத்துட்டுத் திரும்பப் போட்டாங்க. செயற்கை இழைக்கு ஜிஎஸ்டி 18-லிருந்து 5 ஆனதை வரவேற்கிறோம், அது நல்ல காரியம். ஆனா ஜனவரியில் வரி திரும்புமான்னு தெரியாம, கப்பலேறி வரவே வாரக்கணக்காகும் பஞ்சுக்கு எந்த மில் ஒப்பந்தம் போடும்?

"வரியை எடுத்தா பருத்தி விவசாயி என்ன ஆவார்?" நியாயமான கேள்வி, மழுப்ப மாட்டேன். இந்த ஆண்டு ஆதரவு விலை நடுத்தர இழைக்கு குவிண்டால் 7,710 ரூபாய், நீள இழைக்கு 8,110. அந்த விலைக்கு இந்தியப் பருத்திக் கழகம் நிலையம் திறந்து நேரா வாங்கணும். விவசாயிக்குக் கொடுக்க வேண்டியதை கஜானாவிலிருந்து கொடுங்க. டெய்லரோட பீஸ் ரேட்டில் கை வைக்காதீங்க.

ஏற்றுமதிக் கடனுக்கு இருந்த வட்டிச் சலுகை 2024 டிசம்பர் 31-ஓடு முடிஞ்சு போச்சு. அது திரும்ப வரணும். ஜாப் வொர்க் யூனிட்டோட மெஷின் கடன் தவணையை ஒரு வருஷம் தள்ளி வைக்கணும். பிரிட்டனோட ஜூலை 24-ல் ஒப்பந்தம் கையெழுத்தாச்சு, சந்தோஷம். அது நடைமுறைக்கு வர்ற வரைக்கும் பேங்க்காரர் காத்திருக்க மாட்டாரே!

கூட்டம் முடிஞ்சு போகும்போது மேடைக்குப் பக்கத்தில் ஒரு தாள் தருவாங்க. உங்க பேரோ கம்பெனி பேரோ எழுத வேண்டாம். ஜூலையில் எத்தனை நாள் வேலை, இந்த மாசம் எத்தனை நாள், அதை மட்டும் எழுதிக் கொடுங்க. குளிர்காலக் கூட்டத்தொடருக்கு அந்தக் கட்டைத்தான் டெல்லிக்குக் கொண்டு போகப் போறோம்.