படைப்புக் கலையும் பல்கலைக்கழகமும்

எழுதக் கற்பிக்க இயலுமா என்பது பழைய வினா. கவிதை பிறவியில் வருவது, பள்ளியில் வருவதன்று என்று கூறுவோர் நம்மிடையே பலர் உளர். அவர்களே தம் மகனுக்கு மிருதங்கம் கற்பிக்க ஆசிரியரைத் தேடி அலைவர். மகளை நாட்டியம் பயில அனுப்புவர். தாள உணர்வு பிறவிக் கொடை என்பதை அவர்கள் அறிவர். பயிற்சியில்லையேல் அக்கொடை பயன்படாது என்பதையும் அறிவர். எழுத்து ஒன்றற்கு மட்டும் இவ்விதி பொருந்தாது என அவர்கள் கருதுவதேன்?

உயர்கல்வியிற் படைப்பாற்றலுக்கு இடம் உண்டா என்பதைப் பொதுப்படப் பேசத் தொடங்கினால் பேச்சு நீளுமேயன்றிப் பொருள் கைக்கு எட்டாது. ஆதலின் நம் புதுவையிலேயே நிகழ்ந்த ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்.

1985-ஆம் ஆண்டில் நாடாளுமன்றத்தின் சட்டத்தால் தோன்றியது புதுவைப் பல்கலைக்கழகம். நான்கு ஆண்டுகள் சென்றபின், 1989-இல், அப்பல்கலைக்கழகம் ஒரு பெரியவரைச் சிறப்பு வருகைதரு பேராசிரியராக அழைத்தது. கோவிற்பட்டியை அடுத்த இடைசெவல் என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர் அவர், தொழில் உழவு. பள்ளிப் படிப்போ எட்டாம் வகுப்பைத் தாண்டாதது. எழுத்துத் துறையில் அடியெடுத்து வைத்ததும் முப்பது வயதைக் கடந்த பின்னரே. அவர்தாம் கி. ராஜநாராயணன். அந்நாளில் துணைவேந்தராக இருந்த டாக்டர் க. வேங்கடசுப்பிரமணியன் அவர்கள் துணிந்து செய்த செயல் இது. பட்டம் பெறாத ஒருவர் பட்டம் பெற வந்தவர்க்கு ஆசிரியராக அமர்ந்தார்.

இதனை ஒரு பெருந்தன்மையான சலுகை என்று சிலர் பாராட்டினர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. பல்கலைக்கழகத்திற்கு இல்லாத ஒரு பொருள் அவரிடம் இருந்தது. அதனைப் பெறவே அது அவரை நாடிற்று. கரிசற் காட்டு மக்களின் பேச்சை அவர் செவியாற் கற்றவர். ஒரு சொல்லை யார் வாயிலிருந்து, எச்சூழலில், எத்தகைய குரலிற் கேட்டோம் என்பதைச் சொல்லோடு சேர்த்தே நினைவில் வைத்திருப்பவர். அகராதிக் குழுவோ ஆய்வு நிறுவனமோ இன்றி, கரிசல் வட்டார வழக்குச் சொற்களுக்கு ஓர் அகராதியைத் தொகுத்தவர். இத்தகைய ஒருவர் புதுவைக்கு வந்ததும் என்ன செய்தார்? சிறுகதையின் இலக்கணம் யாது என்று கரும்பலகையில் எழுதிப் போடவில்லை. நாட்டுப்புறக் கதைகளைக் கேட்டுத் தொகுக்கும் பணியை மேற்கொண்டார். 'புதுவை வட்டார நாட்டுப்புறக் கதைகள்' என்னும் தொகுதி அவ்வுழைப்பின் பயன்.

கதை கேட்பது கதை எழுதுவதாகுமா என்று நேயர்கள் வினவலாம். கேட்டறியாதவன் எழுதுவது பெரும்பாலும் தான் படித்த நூல்களின் எதிரொலியாகவே அமையும். ஒரு பாட்டி கதை சொல்லும்போது எங்கே நிறுத்துகிறாள், எதனைச் சொல்லாமல் விடுகிறாள், கேட்போரை எவ்விடத்தில் 'உம்' கொட்ட வைக்கிறாள் என்பதை உற்றுக் கேட்டு, பின்னர் அதனைத் தாளில் இறக்க முயன்று பார்க்கட்டும். சொல்லும்போது உயிரோடிருந்த கதை எழுதும்போது ஏன் சாய்ந்துவிட்டது என்பது அப்போது விளங்கும். அதனை மீண்டும் நிமிர்த்தும் முயற்சியே நடையைக் கற்பது. அவர் வகுப்பிலிருந்து எழுத்தாளர் எத்தனை பேர் வெளிவந்தனர் என்று கணக்குக் கேட்போர் உளர். நெல் எத்தனை மூட்டை என்று கேட்பது போன்ற கேள்வி அது. அதைப் புறத்தே விடுவோம்.

1991-இல் 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்குச் சாகித்திய அக்காதெமிப் பரிசு கிடைத்தபோது அவர் புதுவைவாசியாகவே இருந்தார். பல்கலைக்கழகப் பொறுப்பு முடிந்த பின்னும் ஊர் திரும்பவில்லை. 2021-ஆம் ஆண்டு மே மாதத்தில் மறையும்வரை இலாசுப்பேட்டையே அவருக்கு இருப்பிடமாயிற்று. இளம் எழுத்தாளர் பலர் அங்கே அவரை நாடி வந்து சென்றனர். வகுப்பறை வீட்டிற்கு இடம் மாறிற்று என்றும் கொள்ளலாம்.

அதே பல்கலைக்கழகத்தில் மற்றொரு முயற்சியும் நடந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் பெயரால் நிகழ்கலைப் புலம் ஒன்று நிறுவப்பெற்றது. அதன் தலைமையை ஏற்றவர் இந்திரா பார்த்தசாரதி. இளமையில் கும்பகோணத்துப் பள்ளியில் தி. ஜானகிராமனிடம் பயின்றவர், டில்லியிலும் போலந்து நாட்டு வார்சாவிலும் ஆசிரியப்பணி புரிந்தவர், நாவலும் நாடகமும் எழுதிப் புகழ் பெற்றவர். பின்னாளில் அப்புலத்தை வழிநடத்திய கே. ஏ. குணசேகரன் நாட்டுப்புறப் பாடகராகவும் நாடக ஆசிரியராகவும் விளங்கியவர். அங்கே ஆசிரியர் ஆசனத்தில் அமர்ந்தவர்கள் தாமே ஆக்கியோராக இருந்தனர் என்பதை நாம் கருதிப் பார்க்க வேண்டும்.

அப்புலத்திற்கு இட்ட பெயரும் பொருத்தமானதே. சங்கரதாஸ் சுவாமிகள் 1922-இல் இப்புதுவையில் காலமானார். அவர் நினைவிடம் கருவடிக்குப்பத்தில் உள்ளது. சிறுவர்களைக் கொண்ட நாடகக் குழுக்களை அவர் பயிற்றினார். பாடத்தை எழுதியவரே அதனைச் சொல்லிக் கொடுத்தார். எந்தச் சிறுவனின் தொண்டை எந்தச் சுருதிக்கு இசையும் என்பதையறிந்து பாட்டைக் கட்டினார். சிறுவன் சண்முகம் அபிமன்யுவாக நடிப்பதற்கென்றே 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை அவர் ஒரே இரவில் எழுதி முடித்ததாக, பின்னாளில் ஔவை சண்முகம் எனப் புகழ்பெற்ற அச்சிறுவரே தம் நினைவுகளிற் கூறியுள்ளார். அக்குழுக்களில் அடியும் பசியும் மிகுதி. அவற்றை இன்று எவரும் போற்றமாட்டார். எழுதும் கையை அருகிருந்து காணும் வாய்ப்பு அங்கே இருந்தது என்பதே நாம் கொள்ளத்தக்கது.

இனி, புதுவை பெற்றெடுத்த பெருங்கவிஞரைப் பார்ப்போம். கனக சுப்புரத்தினம் கல்வே கல்லூரியில் தமிழ் பயின்று தேறி, 1909-இல், பதினெட்டு வயதில், காரைக்காலைச் சார்ந்த நிரவியில் ஆசிரியரானார். இலக்கணத்தில் வல்லவர். கல்லூரி அவரைப் புலவராக்கிற்று; அதற்காக அதற்கு நன்றி கூறவேண்டும். ஆனால் அவர் பாரதிதாசனானது கல்லூரியில் அன்று. 1908 முதல் பத்தாண்டுகள் இங்கே தங்கியிருந்த பாரதியார், ஒருநாள் நண்பர்கள் நடுவே, 'பாடு' என்று அவரைப் பணித்தார். அங்கேயே எழுதிய பாட்டை, தம் கவிதா மண்டலத்தைச் சேர்ந்தவர் எழுதியது என்று குறிப்பிட்டுச் சுதேசமித்திரனுக்கு அனுப்பி வைத்தார். தேர்வும் திருத்தமும் வெளியீடும் ஒரே இடத்தில் நிகழ்ந்தன. எளிய நடை என்பது இழிந்த நடையன்று என்னும் தெளிவை அவ்விளைஞர் அக்கூட்டத்திலேதான் பெற்றார். 1935-இல் கவிதைக்கெனவே ஓர் ஏட்டை அவர் தொடங்கியபோது, 'ஸ்ரீ சுப்பிரமணிய பாரதி கவிதா மண்டலம்' என அப்பழைய பெயரையே அதற்குச் சூட்டினார். அவரிடம் இளமையிற் பயின்ற வில்லியனூர் வாணிதாசன் பின்னர்த் தாமும் ஆசிரியராகி, தாமும் கவிஞரானார். ஒரு விளக்கிலிருந்து மறு விளக்கை ஏற்றியது போன்றது இது.

கடற்கரைக்கு அண்மையில், அரவிந்தர் ஆசிரமத்தில், இதனினும் வியத்தகு பாடமொன்று நடந்தது. தமிழுலகம் அதனை அதிகம் அறியாது. அங்கே வழங்கிய மொழிகள் ஆங்கிலமும் வங்காளமும் ஆதலின் அது இயல்பே. நிரோத்பரன் என்பவர் எடின்பரோவில் மருத்துவம் பயின்ற வங்காளி. ஆசிரம மருந்தகத்தைக் கவனித்துவந்தார். 1930-களில் அவர் கவிதை எழுத முற்பட்டார். எழுதியதை நோட்டுப் புத்தகத்தில் வைத்து அரவிந்தருக்கு அனுப்புவார். அரவிந்தர் யாரையும் நேரிற் காணாதிருந்த காலம் அது. இரவெல்லாம் விழித்திருந்து சீடர்களின் கடிதங்களுக்கு விடை எழுதுவார். மருத்துவரின் நோட்டும் ஓரங்களில் குறிப்புகளோடு மறுநாள் திரும்பி வரும். இந்த அடி உயிர்பெறவில்லை, இந்தச் சந்தம் இடறுகிறது, இச்சொல்லை இவ்வாறு மாற்றினால் என்ன என்றவாறு அக்குறிப்புகள் செல்லும். நகைச்சுவைக்கும் கேலிக்கும் குறைவில்லை. 1938-இல் அரவிந்தர் கால் முறிந்து படுக்கையில் வீழும்வரை இது ஆண்டுக்கணக்கில் நீடித்தது. கவிதை தமக்கு வாராது என்று ஓயாது புலம்பிய மருத்துவர் இறுதியிற் கவிஞராக வெளிப்பட்டார். அரவிந்தரின் 'சாவித்திரி' காப்பியத்தின் பிற்பகுதிகளை அவர் சொல்லச் சொல்ல எழுதியவரும் இவரே. அங்கே நுழைவுத் தேர்வு இல்லை, மதிப்பெண் இல்லை, பட்டமும் இல்லை. 1952-இல் ஆசிரமம் தொடங்கிய கல்வி நிலையமும் இன்றுவரை பட்டம் வழங்குவதில்லை.

அப்படியாயின் எழுத்துப் பயிற்சிக்குப் பல்கலைக்கழகமே வேண்டா என்று முடிக்கலாமா? நான் அவ்வாறு முடிக்க மாட்டேன். பாரதியாரின் கூட்டத்திற் சேரும் பேறு எத்தனை இளைஞர்க்கு வாய்க்கும்? அத்தகைய இல்லத்தின் வாயிலை மிதிக்க ஓர் ஏழைப் பெண்ணுக்கு அந்நாளில் வழி இருந்ததா? பல்கலைக்கழகத்தின் கதவு ஒரு விண்ணப்பத்தாளுக்குத் திறக்கும். அதன் பெருமை அதுவே. ஒரு சிலர்க்குத் தற்செயலாகக் கிடைத்ததைப் பலர்க்கு முறையாகக் கிடைக்கச் செய்வதற்காகவன்றோ கல்வி நிலையங்களை அமைத்தோம்?

அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகம், உயர் பட்டத்திற்குரிய ஆய்வேட்டின் இடத்திற் படைப்பையே ஏற்றுக்கொள்வதாக 1922-இல் அறிவித்தது. 1936-இல் எழுத்தாளர் பட்டறையைத் தொடங்கிற்று. இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியாப் பல்கலைக்கழகம் 1970-இல் இதற்கென முதுகலை வகுப்பைத் தொடங்கியது. நம்மூர்த் தெருக்களுக்குப் பெயர் வைத்த பிரான்சு நாடு நெடுநாள் தயங்கி நின்றது. பாரீஸ் 8 பல்கலைக்கழகத்தில் இலக்கியப் படைப்புக்கான முதுகலைக் கல்வி 2013-இலேதான் வந்தது. அயோவா முறைக்குக் குறையும் கூறுவர். பலர் சூழ்ந்து அமர்ந்து ஒருவன் கதையைத் திருத்தத் திருத்த, எல்லாக் கதைகளும் ஒரே அச்சில் வார்த்தனவாகிவிடும் என்பர். உண்மை இல்லாமலில்லை. நமக்கோ இன்னும் அந்த நோய் வரவில்லை. அந்த உணவே வரவில்லை.

நம் நிலையைப் பாருங்கள். அரியாங்குப்பத்துப் பாரதியார் பல்கலைக்கூடத்தில் ஓவியம் பயிலும் மாணவர் ஓவியம் தீட்டித் தேறுகிறார். காலாப்பட்டில் நாடகம் பயில்வோர் நாடகத்தை மேடையேற்றித் தேறுகின்றனர். தமிழிலக்கியத்தில் முதுகலை பயில்வோர் மட்டும், பெரும்பாலும், பிறர் எழுதிய கதையைப் பற்றி எழுதியே தேறவேண்டும். 'படைப்பிலக்கியம்' என்று ஒரு தாள் பல கல்லூரிகளில் உண்டு. அத்தாளிலும் 'சிறுகதையின் கூறுகளை விளக்குக' என்றே வினா வருமாயின், நீந்தும் முறையை விளக்கச் சொல்லி ஆற்றைக் காட்டாது விடுவது போலன்றோ அது?

படைப்புக்கு மதிப்பெண் எவ்வாறு இடுவது என்று ஆசிரிய நண்பர்கள் அஞ்சுகின்றனர். ஓவியத்திற்கும் வாய்ப்பாட்டுக்கும் நாள்தோறும் இடுகிறோமே என்பது என் மறுமொழி. ஆயினும் அவர்கள் அச்சத்தில் ஒரு நியாயம் உண்டு. கதையை அளப்பவர் கதை எழுதிப் பாராதவராக இருப்பின், பிழையில்லாக் கதையே முதன்மை பெறும். உயிருள்ள கதை கொச்சை மொழி கலந்தது என்று பின்தள்ளப்படும். கி. ராஜநாராயணன் தம் முதற் கதையை ஒரு தேர்வுத்தாளில் எழுதியிருந்தால் சிவப்பு மை எத்தனை இடங்களில் விழுந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். ஆகவே, படைப்பைப் பட்டத்திற்கு ஏற்பதெனில், அதனை மதிப்பிடுவோரில் ஒருவரேனும் எழுதிப் பழகியவராக இருத்தல் வேண்டும். இறுதி நாளில் இடும் எண்ணைவிட, இரண்டு ஆண்டுகளும் படி மேற் படியாகத் திருத்தி எழுதிய தாள்களே கணக்கிற் கொள்ளப்பட வேண்டும். மாணவர் எதனை நீக்கினார், ஏன் நீக்கினார் என்பதை அத்தாள்களே காட்டும்.

எழுதிப் பழகியவரை எங்கே பெறுவது? தகுதித் தேர்வும் முனைவர் பட்டமும் இன்றிப் பல்கலைக்கழக ஆசிரியராகும் வழி நெடுங்காலம் அடைபட்டே கிடந்தது. 1989-இல் ஒரு துணைவேந்தரின் தனி விருப்பத்தால் அது சற்றே திறந்தது. இன்று அதற்கு விதியே உண்டு. 2022-ஆம் ஆண்டிற் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட நெறிமுறைகளின்படி, தம் துறையிற் குறைந்தது பதினைந்து ஆண்டு அனுபவமுள்ளோரை, பட்டத் தகுதி கேளாமலே, நடைமுறைப் பேராசிரியராக அமர்த்தலாம். ஒப்புதல் பெற்ற ஆசிரியப் பணியிடங்களில் பத்து விழுக்காடு வரை இதற்கு இடமுண்டு. ஒரே நிலையத்தில் நான்கு ஆண்டுகளுக்கு மேல் நீடிக்கலாகாது. இதற்குரிய துறைகளை வரிசைப்படுத்துகையில் பொறியியல், மேலாண்மை ஆகியவற்றோடு இலக்கியத்தையும் அக்குழு சேர்த்தே குறித்துள்ளது.

பொறியியற் கல்லூரிகள் தொழிற்சாலை அனுபவமுடையோரை நாடி இவ்விதியைப் பயன்படுத்திக்கொள்ளும், அதில் ஐயமில்லை. தமிழ்த் துறைகள் தம் ஊரிலேயே வாழும் நாவலாசிரியரை, பாடலாசிரியரை, கதை சொல்லியை நாடிச் சென்று, நான்கு ஆண்டுகளுக்கு ஒரு நாற்காலியும் பத்து மாணவரும் தர முன்வருமா? காலாப்பட்டில் ஒருமுறை அவ்வாறு செய்து பார்த்தனர். அந்த நாற்காலிக்கு அடுத்து உரியவர் இந்நேரம் ஏதேனும் ஒரு சிற்றூரில், மாட்டுத் தொழுவத்தின் அருகிலோ அச்சகத்தின் மூலையிலோ, எழுதிக்கொண்டிருத்தல் கூடும்.