மலையேறும் கீர்த்தனை



டிசம்பர் பிறந்துவிட்டால் யாராவது என்னிடம் கேட்டுவிடுகிறார்கள்: கிறிஸ்துமஸில் உங்களுக்கு எது பிடிக்கும், கேக்கா, குடிலா, நட்சத்திரமா? இன்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். என் ஓட்டு கேரல் ரவுண்ட்ஸுக்குத்தான். அதிலும் தேயிலைத் தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டே பாடுகிறார்களே, அந்தக் கேரலுக்கு. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

மூணாறு, தேவிகுளம், பீருமேடு பக்கத்துத் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்தவர்களில் பெரும்பகுதி திருநெல்வேலி, மதுரைச் சீமைக்காரர்கள். மூணாற்றுக்குப் பலர் போடி, கொட்டகுடி வழியாக ஏறி வந்தார்கள். மூட்டையோடு பாட்டும் வந்தது. சீர்திருத்த சபைக் கிறிஸ்தவர்கள் கொண்டுவந்த பாட்டில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஞானப்பாட்டு, ஜெர்மன், ஆங்கில மெட்டுக்குத் தமிழ்ச் சொல்லைப் பொருத்தியது. இன்னொன்று கீர்த்தனை, பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று நம் சங்கீத வழியில் கட்டியது. இந்த இரண்டாம் வழியில் பெரிய ஆள், 1774இல் பாளையங்கோட்டையில் பிறந்து தஞ்சாவூரில் வாழ்ந்த வேதநாயக சாஸ்திரியார். மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் படித்தவர். ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடியவர். குறத்தி தன் மலைவளம் சொல்லிப் பாடுவது குறவஞ்சி மரபு. அந்த மரபைக் கையாண்டவரின் பாட்டு கடைசியில் மலைக்கே வந்து குடியேறியதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

கோயிலுக்குள் உட்கார்ந்து பாட ஞானப்பாட்டுக்கு இணையில்லை. நீண்ட அடி, நிதானமான நடை, ஆர்கன் பின்னால் தாங்கிப் பிடிக்கும். அதையே மேல் டிவிஷன் லயத்துக்கு ஏறிக்கொண்டு பாடிப் பாருங்கள். இரண்டாவது அடியிலேயே மூச்சு நின்றுவிடும். கீர்த்தனை அப்படியில்லை. முன்னே போகிறவர் ஒரு அடி எடுத்துக் கொடுப்பார், பின்னால் வருகிற கூட்டம் அதைத் திருப்பிச் சொல்லும். அவர் பாடும்போது இவர்கள் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். இவர்கள் பாடும்போது அவர் வாங்கிக்கொள்வார். பல்லவி திரும்பத் திரும்ப வருவதால் புத்தகம் வேண்டாம், வெளிச்சமும் வேண்டாம். ஒரு டோலக், ஒரு ஜால்ரா போதும். பனி இறங்கிய ராத்திரியில் எதிர்ச் சரிவு லயத்துக்காரர்கள் ஜால்ராச் சத்தத்தை வைத்தே, குழு எத்தனையாவது வீட்டில் நிற்கிறது என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். அதற்குள் இங்கே கட்டன் காப்பிக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்.

இப்போது பல இடங்களில் ஜீப் வருகிறது. அதில் ஸ்பீக்கர் பெட்டி, பதிவு செய்த இசை, மைக். குரல் பெரிதாகிவிட்டது, உண்மைதான். ஆனால் ஜீப் ரோட்டோடு போகும். மேல் லயத்துக்குப் போவதில்லை. பாட்டு முழுக்க ரோட்டோரத்து வீடுகளுக்கே கிடைக்கிறது. தாளமும் பெட்டிக்குள் அடைபட்டுக் கிடப்பதால், ஒரு பாட்டி வாசலில் வந்து நின்று “இன்னொரு தரம் பாடுங்கப்பா” என்று கேட்டால் சரணத்தை நீட்ட வழியில்லை. இது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

கேரல் குழுவோடு ஆடி வருகிற கிறிஸ்துமஸ் தாத்தா மேல் எனக்குப் புகார் எதுவும் கிடையாது. முகமூடியைப் பார்த்துக் குழந்தைகள் அலறினாலும், அந்த ஆட்டம் நன்றாகத்தான் இருக்கிறது. சிவப்புக் கம்பளி அங்கிக்குத் தென்னாட்டில் வேலை இருக்கிற இடமும் எங்கள் மலைதான். பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் அதே அங்கியைப் போட்டுக்கொண்டு ஆடுகிற தம்பிக்கு நாலு தெரு தாண்டுமுன் மோர் கொடுத்தாக வேண்டும்.

அந்தப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் எல்லாம் சமவெளி. பேச்சில் கோயம்புத்தூர் வாடை. இந்தப் பக்கத்துக்கென்று, கோவை, கோழிக்கோடு மறைமாவட்டங்களிலிருந்து பிரித்து 2013 டிசம்பரில் சுல்தான்பேட்டை மறைமாவட்டத்தை உண்டாக்கினார்கள். அங்கே நட்சத்திரம் கட்டுவதுதான் பெரும்பாடு. டிசம்பரில் பாலக்காட்டுக் கணவாய் வழியே கிழக்கிலிருந்து வீசுகிற காற்று, மூங்கில் சட்டத்தில் ஒட்டிய தாள் நட்சத்திரத்தை இரண்டே நாளில் கிழித்துவிடும். மலையிலோ மூடுபனி அதை நனைத்துத் தொங்கவிடும். ஆகவே பிளாஸ்டிக் நட்சத்திரம் வாங்குகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனாலும் உள்ளே பல்பு எரிய, கிழிந்த இடத்தில் வேறு நிறத் தாள் ஒட்டிய நட்சத்திரம்தான் எனக்குப் பிடித்தது.

குடில் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். 1223இல் இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் அசிசி பிரான்சிஸ் முதன்முதல் குடில் காட்சி அமைத்தபோது, வைக்கோலும் மாடும் கழுதையுமே பிரதானம். அந்தந்த ஊரில் கிடைப்பதைக் கொண்டு கட்டினால்தான் அது குடில். பாலக்காட்டில் முதல் போகத்து வைக்கோல் இருக்கிறது. மறையூர்ப் பக்கம் கரும்புத் தோகை. தோட்டங்களில் கவாத்து செய்த தேயிலைக் கட்டை, தெருவைப்புல், பெரணி. மரத்திலிருந்து பாசியை உரித்து வருவது மட்டும் வேண்டாம். பஞ்சைத் தூவிப் பனி காட்டுவதும் வீண் வேலை. மார்கழி முற்றினால் மூணாற்றுப் பக்கம் செண்டுவாரையில் வாசலுக்கே உறைபனி வருகிறது. தேயிலைச் செடி கருகுகிற அந்தப் பனியைக் கொழுந்து எடுக்கிறவர்கள் யாரும் அலங்காரமாகப் பார்ப்பதில்லை.

இனி வாய்க்கு. கேரளத்தில் கேக்குக்குக் கௌரவமான வரலாறு உண்டு. 1883இல் தலச்சேரியில் மாம்பள்ளி பாப்பு சுட்டதைத்தான் இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் என்கிறார்கள். ஒரு துண்டு போதும் எனக்கு. அச்சு முறுக்கு என்றால் கணக்குக் கிடையாது. கிழக்கே அச்சு முறுக்கு, மேற்கே அச்சப்பம். இரண்டு வீட்டிலும் அதே பூ அச்சு, அதே அரிசி மாவு, தேங்காய்ப்பால், முட்டை, எள். அச்சு எண்ணெயிலேயே கிடந்து காய வேண்டும். காய்ந்த அச்சை மாவில் முக்கால்வாசி மட்டும் முக்க வேண்டும். விளிம்பு மூழ்கினால் முறுக்கு கழன்று வராது. அச்சு ஆறினால் மாவு ஒட்டாது. முதல் நாலைந்து எல்லார் வீட்டிலும் நாசமாகத்தான் போகும், அடுப்படியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு அதுதான் லாபம். அதிரசத்துக்கு மறையூர் உருண்டை வெல்லம். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய வெல்லம். அதன் நிறம் கறுப்பாக இருந்தால் பயப்பட வேண்டாம், பாகு நன்றாக வரும்.

சீரோ மலபார் வீடுகளில் டிசம்பர் ஒன்றாம் தேதியிலிருந்து இறைச்சி தொடாமல் இருபத்தைந்து நோன்பு நோற்று, பாதிராக் குர்பானை என்கிற நள்ளிரவுப் பூசை முடிந்ததும் கள்ளப்பமும் இறைச்சிக் குழம்புமாக உட்காருகிறார்கள். சிஎஸ்ஐ வீடுகளில் விடியற்காலை ஆராதனை முடிந்து வந்து தோசையும் கோழிக் குழம்பும். பசியோடு காத்திருந்து சாப்பிடுகிற அந்தக் கள்ளப்பத்துக்கே ருசி அதிகம் என்பது என் தீர்ப்பு; என் வீட்டில் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

இன்னொரு வழக்கத்தையும் விட்டுவிட முடியாது. 2003இலிருந்து தமிழ்நாட்டில் லாட்டரி இல்லை. அதனால் எல்லையிலுள்ள வாளையாறிலும் குமுளியிலும் டிசம்பர் மாதக் கடைகளில், தேனிக்காரரும் கோவைக்காரரும் கேக்குப் பெட்டியோடு சேர்த்து வாங்குவது கேரள அரசின் கிறிஸ்துமஸ் – புத்தாண்டு பம்பர். நானும் ஒன்று வாங்குவேன். இதுவரை அச்சு முறுக்கு மாவுக்குக்கூட விழுந்ததில்லை.