நூலும் உலக உருண்டையும்

(ஆசிரியர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வேகம், தூரம், காலம் பற்றிய சூத்திரத்தை நம் மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். தூரத்தை வேகத்தால் வகுத்து விடையும் எழுதிவிடுவார்கள். ஆனால் அந்தத் தூரத்தை யார், எப்படி அளந்தார்கள் என்று கேட்பதில்லை. அவர்களைக் கேட்க வைப்பதற்காக எட்டாம் வகுப்பில் நான் கொடுக்கும் கணக்கு இது: டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு விமானத்தில் எவ்வளவு தூரம்? எவ்வளவு நேரம்?

முதலில் சுவர் வரைபடத்தில் அளவுகோலை வைக்கச் சொல்வேன். கோடு இரான், வட ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் பெருங்கடல் வழியாக மேற்கே போகும். இந்தக் கோட்டின் வழியே பறந்தால் 18,000 கி.மீ.க்கும் மேல்.

அடுத்து, உலக உருண்டையையும் ஒரு நூலையும் கொடுப்பேன். நூலை நிலநடுக்கோட்டைச் சுற்றி அளந்தால் அது 40,000 கி.மீ.; அதுவே நம் அளவுகோல். பிறகு இரண்டு ஊர்களுக்கும் இடையே நூலை இழுத்துப் பிடிக்க வேண்டும். நூல் மேற்கே போகாது. வடக்கே ஏறி, சைபீரியா, ஆர்க்டிக் பெருங்கடல், அலாஸ்கா வழியாக இறங்கும். 30 செ.மீ. விட்டமுள்ள உருண்டையில் நூலின் நீளம் ஏறத்தாழ 29 செ.மீ.; அதாவது சுமார் 12,400 கி.மீ. பெருவட்டம் என்ற சொல்லை நான் இந்த இடத்தில்தான் அறிமுகப்படுத்துகிறேன். விரல் உணர்ந்த பிறகு வரும் சொல் மறப்பதில்லை.

விமானம் அந்த நூலின் வழியே அப்படியே பறந்துவிடுவதும் இல்லை. உயர்ந்த மலைகள், நாடுகளின் வான்வெளி அனுமதி, அவசரத்தில் இறங்க விமான நிலையங்கள் என எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். ஏர் இந்தியாவின் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானம் முதலில் அட்லாண்டிக் வழியாக ஏறத்தாழ 13,900 கி.மீ. பறந்தது, 16.5 மணி நேரம் ஆனது. 2016 அக்டோபரில் அதைப் பசிபிக் வழியாகத் திருப்பினார்கள். தூரம் 15,300 கி.மீ. ஆயிற்று, நேரமோ சுமார் 14.5 மணியாகக் குறைந்தது.

"தூரம் கூடினா நேரமும் கூடத்தானே வேணும், டீச்சர்?" என்று வகுப்பு கேட்கும். உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். இரண்டு வழிக்கும் சராசரி வேகத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஒன்று மணிக்கு சுமார் 840 கி.மீ., மற்றொன்று சுமார் 1,055 கி.மீ. என்று வரும். அதே விமானத்துக்கு இவ்வளவு வேறுபாடு எப்படி?

ஆடி மாதத்தில் எதிர்க்காற்றில் மிதிவண்டி மிதித்த பிள்ளைகளே விடையை நெருங்கிவிடுவார்கள். அந்த உயரத்தில் ஜெட் காற்றோட்டம் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசுகிறது. கிழக்கே பசிபிக் வழியாகப் போகும் விமானத்தை அது பின்னாலிருந்து தள்ளுகிறது. ஓடத்தையும் நீரோட்டத்தையும் வைத்து நாம் போடும் கணக்குதான் இது. இங்கே ஆறு வானத்தில் ஓடுகிறது. திரும்பி வரும்போது எந்த வழியில் காற்று துணை வரும் என்பதை வீட்டுப்பாடமாகக் கொடுத்துப் பாருங்கள்.

நம் மாணவர்களில் பெரும்பாலோர் விமானத்தில் ஏறியதில்லை. அதனால் இது அவர்களுக்கு எட்டாத கணக்கு என்று ஒதுக்கிவிட வேண்டாம். இதற்குத் தேவையானவை உலக உருண்டை, நூல், ஒரு பாடவேளை, இவ்வளவுதான். பல பள்ளிகளில் உருண்டை உடைந்துவிடுமோ என்ற பயத்தில் பீரோவுக்குள்ளேயே இருக்கிறது. தூசி தட்டி அதைக் குழந்தைகள் கையில் கொடுங்கள். புத்தகத்தில் உள்ள எண்ணையும் அளந்து பார்க்கலாம் என்ற துணிவு அவர்களுக்கு அங்கிருந்து தொடங்கட்டும்.